கணக்குப் பார்க்காமல் மன்னிக்க முடியுமா?

எனக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும்போது ஓய்வுநாள் பள்ளியில் இயேசு சொன்ன ஓர் உவமையை, வேதாகமத்தில் மத்தேயு 18-ஆம் அதிகாரத்துக் கதையைச் சொன்னார்கள். ராஜாவிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியக்காரன் காலில் விழுந்து கெஞ்சுகிறான், ராஜா மனமிரங்கி மொத்தக் கடனையும் விட்டுவிடுகிறார், அவன் வெளியே வந்த கையோடு தன்னிடம் நூறு வெள்ளிப்பணம் கடன்பட்டிருந்த சக வேலைக்காரனைப் பிடித்துத் தொண்டையை நெரிக்கிறான். சிங்கப்பூரில் வளரும் பிள்ளைக்கு வெள்ளி என்றால் டாலர்தானே. நூறு வெள்ளிக்கா இவ்வளவு ஆட்டம் என்று தோன்றியது. தாலந்து என்றால் எங்கள் சபையில் வருடாவருடம் நடக்கும் தாலந்துப் போட்டிதான் தெரியும், ஆகவே அந்த ஆள் ராஜாவிடம் பதினாயிரம் பாட்டுக் கடன் வாங்கியிருந்தான் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

கணக்கு பின்னால்தான் புரிந்தது. தமிழ் வேதாகமம் வெள்ளிப்பணம் என்று சொல்வது தெனாரியம் என்ற ரோமக் காசு. அது ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம் என்பது இரண்டு அதிகாரம் தள்ளி, திராட்சத்தோட்ட உவமையிலேயே இருக்கிறது. அப்படியானால் நூறு வெள்ளிப்பணம் என்பது ஏறக்குறைய நான்கு மாதச் சம்பளம். ஒரு தாலந்துக்குச் சுமார் 6,000 தெனாரியம். பதினாயிரம் தாலந்து என்றால் 6 கோடி நாள் கூலி, வருடத்துக்கு 300 நாள் வேலை செய்தாலும் அடைக்க 2 லட்சம் வருடம் ஆகும். இன்னொரு ஒப்பீடு சொல்கிறேன். இயேசுவின் காலத்தில் கலிலேயாவையும் பெரேயாவையும் ஆண்ட ஏரோது அந்திப்பாவுக்கு அந்த இரண்டு பகுதியிலிருந்தும் வந்த ஆண்டு வருமானம் 200 தாலந்து என்று யூத வரலாற்றாசிரியர் ஜொசிஃபஸ் எழுதியிருக்கிறார். அதாவது அந்த ஊழியக்காரன் பட்ட கடன் ஒரு சிற்றரசின் 50 வருட வருமானம். கிரேக்கத்தில் தனிச்சொல்லாக இருந்த மிகப் பெரிய எண்ணையும் மிகப் பெரிய பண அளவையும் சேர்த்து வைத்தால் கிடைப்பதுதான் பதினாயிரம் தாலந்து. கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

இந்த உவமையைப் பிரசங்கிக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு பக்கத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். தேவன் உனக்கு மன்னித்தது மலை, உனக்கு அடுத்தவன் செய்தது தூசு, ஆகவே ஊதித் தள்ளு என்பார்கள். நான்கு மாதச் சம்பளம் யாருக்கும் தூசு இல்லை. சிங்கப்பூரில் வீட்டுக் கடனும் பிள்ளைகளின் துணைப்பாடச் செலவும் வைத்திருக்கும் ஒருவரிடம் போய் நான்கு மாதச் சம்பளத்தை விட்டுக்கொடு என்று சொல்லிப் பாருங்கள். இயேசு நினைத்திருந்தால் அந்த இரண்டாவது கடனை ஒரே ஒரு காசு என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நமக்குப் பட்டது நிஜமான நஷ்டம்தான் என்பதை அவர் மறுக்கவே இல்லை. அதைவிட, உவமை எப்படி ஆரம்பிக்கிறது என்று பாருங்கள், தன் ஊழியக்காரரிடத்தில் ‘கணக்குப் பார்க்க’ விரும்பின ஒரு ராஜா என்றுதான் ஆரம்பிக்கிறது. கணக்குப் பேரேட்டைத் திறந்தபிறகுதான் மன்னிப்பு வருகிறது. எனக்கு இது உறைக்க நாற்பது வயது தாண்ட வேண்டியிருந்தது.

என் கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏன் இப்படிக் கணக்கு கணக்கு என்கிறேன் என்று புரியாது. அப்பா 2009-இல் தவறினார். அம்மா முன்பே போய்விட்டதால் அப்பா பெயரில் இருந்த மூவறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டை மறுவருடம் விற்றோம். எனக்கும் அண்ணனுக்கும் சரிபாதி என்றுதான் பேச்சு. பணம் கைக்கு வரும்போது அண்ணன் செலவுக் கணக்கு என்று ஏதோ சொல்லிக் கூடுதலாக எடுத்துக்கொண்டார். சண்டை போட்டோம், அப்புறம் பேச்சே நின்றுவிட்டது. சபை மூப்பர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, மன்னிச்சேன்னு சொல்லிடுங்க, திருவிருந்து எடுக்கணும்ல” என்றார். சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து இரவு முழுவதும் மனசுக்குள் அண்ணனோடு வாக்குவாதம் செய்துகொண்டிருந்தேன். இந்த ஊரில் கடன் முதலைகளின் ஆட்கள் புளோக்கில் வந்து வாசற்கதவில் சாயத்தை ஊற்றி, சுவரில் வீட்டு எண்ணைக் கிறுக்கிவிட்டுப் போவார்களே, அதுபோல மன்னித்தாயிற்று என்று சொன்ன நானே ஒவ்வொரு இரவும் அண்ணன் வீட்டுக் கதவில் சாயம் ஊற்றிக்கொண்டிருந்தேன். காலையில் எழுந்தால் என் கைதான் சிவப்பாக இருக்கும்.

இதை உடைத்தது என் அத்தை. அவர் கல்யாணம் முடித்துக் கத்தோலிக்கக் குடும்பத்துக்குப் போனவர், 1888-இல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக எழுப்பிய ஓஃபிர் சாலை லூர்து மாதா ஆலயத்துக்கு ஐம்பது வருடமாகப் போகிறவர். வேலை செய்த காலத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கு எழுதியவர், அதனால் யாரையும் சும்மா விடமாட்டார்.

“மன்னிச்சிட்டேங்கிறியே, எதைடா மன்னிச்ச?”

“அதான் அத்தை, அந்தப் பணம்.”

“எவ்வளவு?”

“சரியா தெரியாது. முப்பதாயிரம், நாப்பதாயிரம் இருக்கும்.”

“எவ்வளவுன்னே தெரியாத கடனை எப்படிடா தள்ளுபடி பண்ணுவ?”

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினேன். பணம் 38,000 வெள்ளி. அடுத்த வரி, அப்பாவைக் கடைசித் தடவை மருத்துவமனையில் சேர்த்ததை எனக்கு ஒரு நாள் தாமதமாகச் சொன்னது. மூன்றாவது வரி, அடக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் நடுவில், இவன் அப்பாவை எட்டிக்கூடப் பார்த்ததில்லை என்று அண்ணன் சொன்னது. எழுதி முடித்துப் பார்த்தால் பணம் அவ்வளவு வலிக்கவே இல்லை, மூன்றாவது வரிதான் வலித்தது. இத்தனை வருடம் நான் வேறு ஏதோ கடனை மன்னிக்க முயன்றுகொண்டிருந்திருக்கிறேன். கணக்கு என்று வந்தால் எதிர்ப்பக்கத்தையும் எழுதத்தானே வேண்டும். பக்கவாதம் வந்த அப்பாவை இரண்டு வருடம் குளிப்பாட்டியது அண்ணி. நான் ஞாயிற்றுக்கிழமை ஒரு பொட்டலம் மீ கோரெங் வாங்கிக்கொண்டு போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன். அதை எந்த வரியில் எழுதுவது என்று தெரியாமல் தாளை மடித்து வைத்துவிட்டேன்.

அத்தை வீட்டு ஜெபத்துக்கும் எங்கள் வீட்டு ஜெபத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அதற்கப்புறம்தான் கவனித்தேன். இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தில் எங்கள் பக்கம், எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும் என்போம். அத்தை கல்யாணத்துக்கு அப்புறம் சொல்லிப் பழகியது, எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும் என்பது. மத்தேயுவின் கிரேக்கத்தில் இருப்பது கடன் என்ற சொல்தான், லூக்காவில் முதல் பாதியில் பாவம், இரண்டாம் பாதியில் கடன்பட்டவன். இரண்டு தமிழும் ஒன்றுக்கொன்று துணை என்றே எனக்குப் படுகிறது. கடன் என்ற சொல் தொகையைக் கேட்கிறது, பொறுத்தல் என்ற சொல் அதைச் சுமப்பது யார் என்று கேட்கிறது. ராஜா பதினாயிரம் தாலந்தைத் தள்ளுபடி செய்தபோது அந்தப் பணம் காற்றில் கரைந்து போகவில்லை, ராஜாவின் கஜானாவில் அவ்வளவு குறைந்தது. கடன் கொடுத்தவர் நஷ்டத்தைத் தானே தாங்கிக்கொள்கிறார். சிலுவையைப் பற்றிப் பவுல் கொலோசெயர் 2-இல் சொல்லும்போது பயன்படுத்தும் உவமையும் இதேதான். நமக்கு எதிரிடையாக இருந்த கையெழுத்தைக் குலைத்து அதைச் சிலுவையில் ஆணியடித்தார் என்று நம் வேதாகமம் சொல்லும் அந்தக் ‘கையெழுத்து’, கடன் வாங்கியவன் தன் கைப்பட எழுதிக் கொடுக்கும் கடன் சீட்டு. மன்னிப்பு கிறிஸ்தவத்தில் ஓரமாக இருக்கும் ஒரு நற்குணம் என்று நினைக்கிறவர்கள் இந்த ஒரு வசனத்தைப் படித்தால் போதும்.

மன்னித்தல் என்று மொழிபெயர்க்கப்படும் கிரேக்க வினை அஃபியேமி. விடுதல், போகவிடுதல், கைவிடுதல் எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். கடலோரத்தில் பேதுருவும் அந்திரேயாவும் வலைகளை ‘விட்டு’ இயேசுவின் பின்னால் போனார்கள் என்ற இடத்திலும் அதே வினை வருகிறது. நம் ஆட்கள் காப்பிக்கடையில் உட்கார்ந்து, “அட விடுப்பா” என்று சொல்வது கிட்டத்தட்ட நேர்ச் சொல். ஆனால் கையில் இருக்கும் வலையைத்தான் விட முடியும், கையில் என்ன இருக்கிறது என்றே பார்க்காதவர் எதை விடுவார்?

இயேசு இந்த உவமையைச் சொல்லக் காரணமாக இருந்த, அவர் சீடர் பேதுரு கேட்ட கேள்விக்கு வருவோம். ஏழுதரம் மன்னித்தால் போதுமா என்று கேட்டபோது அவர் தாராளமாகத்தான் கேட்டார், தன்னை மெச்சுவார்கள் என்றுகூட எதிர்பார்த்திருக்கலாம். ஏழெழுபதுதரம் என்று பதில் வந்தது. இந்த எண் வானத்திலிருந்து விழவில்லை. ஆதியாகமம் 4-இல் காயீனின் வம்சத்தில் வந்த லாமேக்கு தன் மனைவிகளிடம் பெருமை அடித்துக்கொள்கிறான், காயீனுக்கு ஏழு பழி சுமரும் என்றால் லாமேக்குக்கு எழுபத்தேழு பழி சுமரும் என்று. பழைய ஏற்பாட்டின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அந்த எழுபத்தேழுக்கு இருக்கும் தொடரும் மத்தேயுவில் இயேசு சொல்லும் தொடரும் ஒன்றேதான்; அதை ஏழெழுபது, அதாவது 490 என்றும் வாசிக்கலாம், எழுபத்தேழு என்றும் வாசிக்கலாம். பழிவாங்கும் எண்ணைத் தலைகீழாகத் திருப்பி மன்னிக்கும் எண்ணாக்கிவிட்டார். 490 வரைக்கும் எண்ணிக்கொண்டிருந்து 491-ஆவது தடவை அடிக்கலாமா என்று எங்கள் இளைஞர் கூட்டத்தில் ஒருவன் கேட்டான், பதில் சொல்ல வேண்டியவர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

இந்த எண்ணை நான் இப்போது வேறு விதமாகவும் வாசிக்கிறேன். ஒருவர் 490 தப்பு செய்ய வேண்டும் என்பதில்லை. ஒரே தப்பு 490 தடவை நினைவுக்கு வரும், ஒவ்வொரு தடவையும் மறுபடி விட வேண்டியிருக்கும். அமெரிக்க உளவியலாளர் எவரெட் வர்த்திங்டன், தன் தாயைக் கொலைக்குப் பறிகொடுத்தவர், மன்னிப்பை முடிவு என்றும் உணர்வு என்றும் இரண்டாகப் பிரிக்கிறார். பழிவாங்கமாட்டேன் என்று ஒரு நிமிடத்தில் முடிவெடுத்துவிடலாம், உள்ளே இருக்கும் கொதிப்பு அடங்க அதன் நேரத்தை எடுத்துக்கொள்ளும். இன்னும் கோபம் வருகிறதே, நான் மன்னிக்கவே இல்லையோ என்று தவிக்கும் பலரை எனக்குத் தெரியும். அவர்களுக்கு இந்தப் பிரிவு ஒரு ஆறுதல்.

மறப்பது பற்றி. வள்ளுவர், ‘பொறுத்தல் இறப்பினை என்றும் அதனை மறத்தல் அதனினும் நன்று’ என்றார். பிறர் செய்த மிகையைப் பொறுப்பது நல்லது, மறந்தே விடுவது அதைவிட நல்லது. உயர்ந்த பேச்சுதான். ஆனால் மனிதனுக்கு மனிதன் செய்ததை மறந்தால்தான் மன்னிப்பு என்று வேதாகமம் எங்கேயும் நிபந்தனை போடவில்லை. இனி நினையாதிருப்பேன் என்பது எரேமியா 31-இல் தேவன் தம்மைப் பற்றிச் சொன்னது. அண்ணன்மாரே அடிமையாக விற்றுவிட்ட யோசேப்பைப் பாருங்கள், எகிப்தில் பிறந்த மூத்த மகனுக்கு மனாசே என்று பெயர் வைத்தார், என் தகப்பன் குடும்பம் முழுவதையும் மறக்கும்படி தேவன் பண்ணினார் என்று அர்த்தம் சொல்லி. மறந்தாரா? பஞ்சத்தில் அண்ணன்மார் தானியம் வாங்க வந்து நின்றதும் அப்பால் போய் அழுதார். மறந்தவர் அழமாட்டார். உடனே ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவும் இல்லை. ஒருவனைக் காவலில் வைத்தார், இளைய தம்பியைக் கூட்டிவரச் சொன்னார், அவன் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தை ஒளித்து வைத்தார். முன்பு தன்னை விற்கலாம் என்று யோசனை சொன்ன அதே யூதா இப்போது தம்பிக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று முன்னால் வந்த பிறகுதான் நான் யோசேப்பு என்று சொல்கிறார். மன்னிப்பு யோசேப்பின் மனதில் எப்போதோ முடிந்திருக்கலாம், உறவைத் திரும்பக் கட்ட அவர் அவசரப்படவில்லை. அப்பா இறந்தபின் அண்ணன்மார் மறுபடி பயந்தபோதும் பரவாயில்லை, ஒன்றும் நடக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை, நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள் என்று நேராகச் சொல்லிவிட்டுத்தான் தேவன் அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்றார்.

நம் மண்ணிலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. ஆர்ச்சர்ட் சாலை தொடங்கும் இடத்தில் இப்போது ஒய்எம்சிஏ கட்டடம் நிற்கிறதே, ஜப்பானியர் காலத்தில் அங்கே இருந்த பழைய கட்டடத்தில்தான் கெம்பெய்டாய் என்ற ராணுவக் காவல்படை இருந்தது. 1943 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவிலிருந்து சிறு படகில் வந்த நேச நாட்டு வீரர்கள் துறைமுகத்தில் கப்பல்களுக்குக் குண்டு வைத்துவிட்டுத் தப்பிவிட்டார்கள். சாங்கி சிறையில் அடைபட்டிருந்த பொதுமக்கள்தான் உளவு சொல்லியிருப்பார்கள் என்று சந்தேகித்து அக்டோபர் 10-ஆம் தேதி பிடித்துப்போகத் தொடங்கினார்கள். 57 பேரைப் பிடித்தார்கள், 15 பேர் செத்தார்கள். அந்தத் தாக்குதலுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை. பிடிபட்டவர்களில் ஒருவர் சிங்கப்பூரின் ஆங்கிலிக்கன் பேராயர் லெனார்ட் வில்சன். நாள்கணக்கில் அடித்தார்கள். தன்னை அடிக்கிறவர்களை இப்போதைய உருவத்தில் பார்க்காமல் அவர்கள் சின்னப் பிள்ளைகளாக அம்மா அப்பாவோடு இருந்த காலத்தை மனதில் கொண்டுவந்து பார்த்ததாகவும், குழந்தைகளை வெறுப்பது கடினம் என்றும் அவர் 1946-இல் பிபிசி வானொலிப் பிரசங்கம் ஒன்றில் சொன்னார். போருக்குப் பின், வதைத்தவர்களில் ஒருவர் கிறிஸ்தவராகி, அவருக்குத் திடப்படுத்தல் (விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சபைச் சடங்கு) கொடுத்ததும் வில்சனேதான்.

இதைச் சொல்கிறவர்கள் பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். அதே 1946-இல், மார்ச்சிலும் ஏப்ரலிலும், இந்தச் சம்பவத்துக்காகவே சிங்கப்பூரில் போர்க்குற்ற விசாரணை நடந்தது. 21 பேர் கூண்டில் நின்றார்கள், 8 பேருக்கு மரண தண்டனை, 7 பேர் விடுதலை, மற்றவர்களுக்குச் சிறை. மரண தண்டனை சரியா என்பது வேறு வாதம், அதற்குள் நான் போகவில்லை. ஆனால் ஒரு பேராயர் மன்னித்துவிட்டார் என்பதற்காக இறந்த 15 பேரின் கணக்கை யாரும் மூடிவிடவில்லை. மூட அவருக்கு உரிமையும் இல்லை. தன் உடம்பில் விழுந்த அடியை அவர் மன்னிக்கலாம், அடுத்தவருடைய சாவை அவர் எப்படி மன்னிப்பார்? பழிவாங்குதல் எனக்குரியது என்று ரோமர் 12-இல் எழுதிய பவுல், அடுத்த அதிகாரத்திலேயே தீமை செய்கிறவனைத் தண்டிக்கும் அதிகாரத்தைப் பற்றி எழுதுகிறார். நான் அடிக்கமாட்டேன் என்பதும் நீதிமன்றம் விசாரிக்கட்டும் என்பதும் ஒரே ஆளின் வாயிலிருந்து வரலாம்.

இதைச் சபைகளில் உரக்கச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் மன்னிப்பு வசனங்கள் பெரும்பாலும் தவறான ஆளை நோக்கித்தான் ஓதப்படுகின்றன. கணவனிடம் அடிவாங்கி வந்து நிற்கும் பெண்ணிடம் ஏழெழுபதுதரம் என்று சொல்லித் திருப்பி அனுப்புகிற மூப்பர்கள் உண்டு, நானே என் காதால் கேட்டிருக்கிறேன். அடித்தவனிடம் போய், “உன் சகோதரன் குற்றஞ்செய்தால் அவனைக் கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால் மன்னிப்பாயாக” என்ற லூக்கா 17-ஐ வாசிக்க ஆள் இல்லை. அதுவும் இயேசு சொன்னதுதான். அவள் குடும்ப நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு வாங்குவதும் மனதில் வன்மம் வைக்காமல் இருப்பதும் ஒன்றை ஒன்று தடுக்காது. வரி வசூலித்து ஏமாற்றிய சகேயு மனம் திரும்பியபோது சும்மா அழுதுவிட்டுப் போகவில்லை, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்று தொகை சொன்னான்.

கடைசியாக அந்தப் பயமுறுத்தும் வசனம். நீங்கள் மன்னியாதிருந்தால் உங்கள் பிதாவும் மன்னியாதிருப்பார் என்று மத்தேயு 6-இல் இருப்பதை வைத்துத் தேவன் பேரம் பேசுகிறாரா என்று கேட்கிறவர்கள் உண்டு. எனக்குப் படுவது, உவமையில் வரிசையைப் பார்க்க வேண்டும் என்பது. ராஜாதான் முதலில் மன்னித்தார், ஒரு நிபந்தனையும் இல்லாமல். எபேசியர் 4-உம் அதே வரிசையில்தான் சொல்கிறது, தேவன் உங்களுக்கு மன்னித்ததுபோல நீங்களும் மன்னியுங்கள் என்று. அந்த ஊழியக்காரன் அரண்மனை வாசலைத் தாண்டுவதற்குள் பழையபடி வசூல்காரனாகிவிட்டான், அதாவது தனக்கு நடந்தது மன்னிப்பு என்றே அவனுக்கு உறைக்கவில்லை. கெஞ்சும்போது அவன் சொன்னதைக் கவனியுங்கள், என்னிடத்தில் பொறுமையாயிரும், எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன் என்றான். 2 லட்சம் வருடக் கடனை! அவன் கேட்டது தவணை, கிடைத்தது தள்ளுபடி, அவனோ தவணைதான் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டு முதல் தவணைக்குக் காசு தேட ஓடியிருக்கிறான். இது என் வாசிப்பு, வேதபண்டிதர்கள் சண்டைக்கு வரலாம்.

சிங்கப்பூரில் கல்லறைகூட நிரந்தரமில்லை. சுவா சூ காங் கல்லறையில் அடக்கம் செய்தால் 15 வருடம்தான் தவணை, அதற்கப்புறம் தோண்டி எடுத்து, எங்களைப் போன்றவர்கள் எலும்புகளை எரியூட்டி, சாம்பலை அஸ்தி மாடத்தில் வைப்போம். அப்பாவின் தவணை முடிந்துவிட்டது. போன மாதம் அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டார், பதினான்கு வருடத்தில் முதல் தடவை. நான்கு நிமிடம் பேசினோம். அப்பாவையும் அம்மாவையும் ஒரே மாடத்தில் வைக்கலாமா என்று கேட்டார், நானும் அதைத்தான் நினைத்தேன் என்றேன். அண்ணிக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மாடத்துக்கு யார் பணம் கட்டுவது என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தத் தாள் இன்னும் என் வேதாகமத்துக்குள் மடித்தபடியே இருக்கிறது.